இரண்டு காசுக்கு நான்கு விதம்

ஊரிகம்,
8 ஆகஸ்டு 1999

அன்புள்ள சில்வியா அக்காவுக்கு,

தம்பி பிரேம் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல், ஆனால் சுரங்கத்துக்கு லீவு போடும் அளவுக்கு இல்லை என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் லைன் வீடு அத்தனையையும் சுற்றிவரத் தெம்பு இருக்கிறது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நீயும் மாமாவும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி என் கதை.

ஸ்டாடிஸ்டிக்ஸில் மறுபடியும் ஃபெயில். கத்தாதே. மற்ற எல்லாப் பேப்பரும் தேறியாகிவிட்டது. இந்த ஒன்று வரும் ஏப்ரலில் தேறினால்தான் டிகிரி. டிகிரி இருந்தால்தான் பெங்களூரில் எம்.சி.ஏ.வுக்கு மனுப் போட முடியும். இல்லையென்றால் ராபர்ட்சன்பேட்டையில் வால்டர் சித்தப்பாவின் லேத் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். காலையில் பெங்களூர் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய், ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை.

நீ கல்யாண வாரத்தில் எழுதாமல் விட்டுப்போன அதே பேப்பர்தான் இது. அதில் உன்னை அடிக்க ஆள் கிடையாது என்று காலேஜ் லைப்ரரி அம்மா இன்னும் சொல்கிறார். எனக்கு ப்ராபபிலிட்டி மட்டும் சொல்லிக்கொடு. மற்றதை மனப்பாடம் செய்துகொள்வேன்.

முதல் சந்தேகம். இரண்டு காசைச் சுண்டினால் ஒரு தலையும் ஒரு பூவும் விழ என்ன வாய்ப்பு? இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. ஆக மூன்று விதம். விடை மூன்றில் ஒன்று என்று எழுதினேன். தப்பாம். தலை-பூ வேறு, பூ-தலை வேறு என்கிறது புத்தகம். அதெப்படி? சுரங்கத்துக் கேஜில் இரண்டு பேர் இறங்குகிறார்கள், யார் முதலில் ஏறினால் என்ன, கீழே போய்ச் சேருவது அதே இரண்டு பேர்தானே? நாகேஷிடம் கேட்டேன். "கீழ போனா எல்லாரும் ஒண்ணுதான்டா" என்றான். அவனும் ஃபெயில்.

உடனே பதில் போடு. உடனே என்றால் உடனே.

உன் தம்பி,
பிரேம்


பெரம்பூர்,
19 ஆகஸ்டு 1999

அன்புள்ள பிரேமுக்கு,

அக்காவின் அன்பு. கடிதம் கிடைத்தது. கத்தவில்லை. அப்பாவின் இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல். அம்மாவிடம் முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிப் பயனில்லை, நாக்குக்காவது கொடுக்கச் சொல்.

நான் நலம். அத்தைக்குத்தான் போன வருடம் இழுத்துக்கொண்ட இடது கையும் காலும் அப்படியே இருக்கின்றன. கஞ்சியை ஸ்பூனால் கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் வேண்டும். உன் மாமா மதுரைப் பக்கம் டூர் போயிருக்கிறார். பம்ப் விற்கிறவருக்குக் காய்ந்த ஊர்தான் சொர்க்கமாம். அத்தை கண்ணயர்ந்திருக்கிறார்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

உன் கேஜ் கணக்கைப் படித்துச் சிரித்தேன். ஒரே மாதிரி இரண்டு காசை எடுத்ததுதான் உன் கஷ்டம். ஒன்றை ஒரு ரூபாயாக வைத்துக்கொள், இன்னொன்று ஐம்பது பைசா. ரூபாயில் தலை, பைசாவில் பூ. அல்லது ரூபாயில் பூ, பைசாவில் தலை. இரண்டும் ஒன்றா? கேஜில் நம் அப்பா ஏறி நாகேஷின் அப்பா நின்றுவிட்டதும், அவர் ஏறி நம் அப்பா நின்றுவிட்டதும் நம் வீட்டுக்கு ஒன்றா? ஆக நான்கு விதம். அதில் இரண்டு. விடை பாதி.

உன்னுடைய வியாதி வகுத்தலில் இல்லை, பிரேம். நீ எண்ண அவசரப்படுகிறாய். முதலில், நடக்கக்கூடியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. அதற்குத்தான் சாம்பிள் ஸ்பேஸ் என்று பெயர். உனக்குப் பிடிக்காததையும் எழுது, உன் மனசுக்கே தோன்றாததையும் தேடி எழுது. ஒன்று விட்டுப்போனால், அதற்குப் பிறகு நீ எவ்வளவு சரியாக வகுத்தாலும் தப்புதான்.

பின்னால் ஐந்து கணக்கு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. எத்தனை கணக்கு வேண்டுமானாலும் கேள், எனக்குச் சலிக்காது.

அத்தை கூப்பிடுகிறார்கள்.

அன்புடன்,
அக்கா


ஊரிகம்,
3 அக்டோபர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஐந்து கணக்கில் மூன்று சரி என்று நினைக்கிறேன். அப்பாவுக்குக் கஷாயம் கொடுத்ததில் இருமல் நின்று, திட்டுவதற்குக் குரல் தெளிந்துவிட்டது. உன் மாமியாருக்காக அம்மா வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருக்கிறாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள்.

ஒரு விஷயம். போன வாரம் ராக்பர்ஸ்ட். ஆழத்தில் பாறை வெடித்து, நம் வீட்டு அலமாரியில் டம்ளர் எல்லாம் தந்தியடித்தது. உனக்குத் தெரியுமே, உடனே லைனே வெளியே வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் நிம்மதியாக உள்ளே போய்விட்டார்கள். "ஒண்ணு வந்துடுச்சி இல்ல, இனிமே கொஞ்ச நாளைக்கு வராது, போய் சோறு துண்ணுங்க" என்று பக்கத்து வீட்டுப் பெருமாள் மாமா சொன்னார்.

அடுத்த நாள் காலேஜில் பாக்கி வைத்தவர்களுக்கு ஒரு டெஸ்ட். நான்கு தடவை சுண்டி நான்கும் தலை விழுந்தால், ஐந்தாவது தடவை பூ விழ என்ன வாய்ப்பு? கிட்டத்தட்ட நிச்சயம் என்று எழுதினேன். அத்தனை தலை விழுந்தால் பூவுக்கு முறை வந்துவிட்டது இல்லையா? முட்டை போட்டார்கள். பூமி அடங்குகிற மாதிரிதானே காசும்? எனக்கு இது ஒரு பைசாவுக்கும் விளங்கவில்லை.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறேன். "உனக்கு வேலை வந்துகினு இருக்குதாடா?" என்று அவரே கேட்டுவிட்டார். சீக்கிரம் எழுது.

பிரேம்


பெரம்பூர்,
20 அக்டோபர் 1999

அன்புள்ள பிரேம்,

நலம். நலமறிய ஆவல். மாமா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அத்தை பரவாயில்லை. கணக்குகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சில்வியா


ஊரிகம்,
14 நவம்பர் 1999

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம், சுகம், சுகம். இப்போது கேட்கிறேன்: ஒரு கார்டில் நான்கு வரி எழுதுவதற்குப் பதினேழு நாளா? ‘பிறகு’ என்றால் எப்போது? ஏப்ரலுக்குப் பிறகா? எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? ராபர்ட்சன்பேட்டையில் ஒருவர் டியூஷன் எடுக்கிறார், அவரும் கெமிஸ்ட்ரிதான்.

கார்டை அம்மா இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோதானா? எழுத்தே சரியில்ல பாரு, அவசரத்துல எழுதிகிறா" என்றாள். பிறகு அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? கல்யாணமான பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை. அம்மா கலகலா பலகாரத்துக்கு மைதா வாங்கி வைத்துவிட்டாள். நீ வந்தால் நான் நேரிலேயே கேட்டுக்கொள்வேன், தபால்காரரும் பிழைத்துப் போவார்.

கோபத்துடன்,
பிரேம்


பெரம்பூர்,
28 நவம்பர் 1999

அன்புள்ள கோபக்காரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். மழை விட்டுவிட்டு அடிக்கிறது, அத்தைக்குச் சளி. உன் மாமா நேற்றுக் காலை கோயம்புத்தூர் வண்டி ஏறினார். இனி ஒரு வாரம் நானும் அத்தையும் இந்தச் சுவர்களும்தான், அதனால் உனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

காசுக்கு ஞாபகம் கிடையாது, பிரேம். நான்கு தடவை தலை விழுந்தது அதற்குத் தெரியாது. ஐந்தாவது தடவையும் பாதிதான். பூமி அப்படியில்லை. உள்ளே தோண்டித் தோண்டி வைத்த பாரம் இருக்கிறது. ஒரு வெடிப்பு அடுத்ததைத் தடுக்கலாம், இழுத்தும் விடலாம். நம் ஊரில் பிறந்தவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். உன் பேப்பரைத் திருத்தியவருக்கு அது தெரிந்திருக்காது. ஒன்றையொன்று பாதிக்காதவை வேறு, பாதிப்பவை வேறு. எது எது என்று முதலில் பார்.

பாதிக்கும் என்றால்தான் அடுத்த பாடம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். குறைந்தது ஒன்று பெண் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டும் பெண்ணாக இருக்க என்ன வாய்ப்பு? பாதி என்று உடனே சொல்வாய். எழுதிப் பார். ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண், பெண்-பெண். தெரிந்துவிட்ட செய்தி முதலாவதை அடித்துவிடுகிறது. மீதி மூன்று. அதில் ஒன்று. ஒரு செய்தி கையில் வந்தபிறகு கணக்கு மாறுவது இப்படித்தான். ஆனால் அடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. காரணம் கேட்காதே. அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

எட்டுக் கணக்கு அனுப்பியிருக்கிறேன். நானும் போட்டு வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா


ஊரிகம்,
5 ஜனவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ சுகமாக இல்லை என்று கண்டுபிடித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ இல்லாமல் வீடு கடித்துத் தின்றது. மாதா கோயிலிலிருந்து வந்து, பைபிளுக்குள் அம்மா வைத்திருந்த உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். நீ சொல்லிக்கொடுத்த கணக்கையே போட்டேன். கடந்த ஒன்றரை வருடத்தில் மாமா டூரில் இருக்கும்போது நீ எழுதியவை பன்னிரண்டு. அதில் பத்து நீளம். மாமா வீட்டில் இருக்கும்போது எழுதியவை எட்டு. அதில் நீளமானது ஒன்றுகூட இல்லை. எல்லாம் கார்டு, நான்கு வரி, ‘பிறகு எழுதுகிறேன்’. நீளக் கடிதம் கைக்கு வந்தால் மாமா ஊரில் இல்லை என்பது நிச்சயம். முதல்முறையாக ஒரு கணக்கு எனக்குத் தப்பில்லாமல் வந்திருக்கிறது. வராமலே இருந்திருக்கலாம்.

மாமா வீட்டில் இருந்தால் பிறந்த வீட்டுக்கு நான்கு வரிக்கு மேல் எழுத விடுவதில்லை, அப்படித்தானே? ஊருக்கும் அனுப்புவதில்லை. காரணம் கேட்காதே என்று நீயே எழுதுகிறாய். இது ஒன்றையொன்று பாதிக்காத விஷயம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "என் பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே. கடுதாசில கணக்கு எழுதிகினு இருந்திருக்குதே!" என்றாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வால்டர் சித்தப்பா வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் பங்காருப்பேட்டையில் வண்டி ஏறுகிறார்கள். உன்னைக் கூட்டிவருவார்கள். பயப்படாதே.

உன் தம்பி,
பிரேம்


பெரம்பூர்,
12 ஜனவரி 2000

அன்புள்ள மச்சான் பிரேமுக்கு,

மாணிக்கராஜ் எழுதுவது. உங்கள் வீட்டில் அனைவரும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள் என நம்புகிறேன்.

நீ உன் அக்காவுக்கு எழுதிய கடிதம், அவர்கள் வந்து போன மறுநாள்தான் வந்தது. அவள் பிரித்துப் படித்துவிட்டு என்னிடமும் கொடுத்தாள். அதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தபோது நான் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சில்வியா எங்கே என்று உன் அப்பா கேட்டார். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். உண்மையைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வெகுநேரம் அவள் வரவில்லை. "எங்க பொண்ண இன்னா பண்ணீங்க? மொதல்ல வெளிய கூப்டுங்க!" என்று உன் சித்தப்பா சத்தம் போட்டார். மாடியிலும் கீழேயும் கதவுகள் திறந்தன. என் அம்மாவுக்கு வாய் குழறும், ஆனால் காது நன்றாகக் கேட்கும். அழ ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் சில்வியா கையில் புத்தகத்தோடு படியேறி வந்தாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு காலேஜ் டீச்சர் வீட்டுக்கு ஒன்றரை வருடமாகப் பாடம் படிக்கப் போகிறாள். அம்மாவைத் தனியாக விட முடியாததால், நான் ஊரில் இருக்கும் நாட்களில் மட்டும் போவாள். அந்த நாட்களில் கடிதம் எழுத அவளுக்கு நேரம் இருந்ததில்லை. விட்டுப்போன அந்த ஒரு பேப்பரை வரும் ஏப்ரலில் எழுதுவதாக இருந்தாள். அதற்காகத்தான் டூர்களை மாற்றி மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் திருநெல்வேலிக்கு நீண்ட டூர் போட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல நினைத்திருந்தேன். இப்போது ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னால் இதற்கு மேல் முடியவில்லை.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

மாணிக்கராஜ்


பெரம்பூர்,
6 பிப்ரவரி 2000

பிரேம்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எழுத உட்கார இத்தனை நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் ஊரிகம் ஸ்டேஷன் மாஸ்டர் வரைக்கும் தெரியும். தேறாமல் போனால் லைன் முழுக்க எனக்காக உச்சுக்கொட்டும். தேறிய பிறகு, மார்க் ஷீட்டோடு வந்து இறங்கலாம் என்று இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வராததும் அதனால்தான். அந்த வாரம் டீச்சர் முழு நாளும் பாடம் எடுத்தார். நான் போனபோதெல்லாம் உன் மாமா அத்தைக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார்.

உன் கணக்கைத் திருத்தச் சொன்னால் திருத்துகிறேன். பன்னிரண்டுக்குப் பத்து சரி. எட்டுக்குப் பூஜ்யம் சரி. வகுத்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முதல் கடிதத்தில் நான் என்ன எழுதினேன்? நடக்கக்கூடியது எல்லாவற்றையும் முதலில் எழுது என்றேன். நீ எதை எழுதினாய்? அவர் என்னை மிரட்டுகிறார், அல்லது அடிக்கிறார், அல்லது பூட்டி வைக்கிறார். நான் அழுகிறேன் என்று நம்ப உங்கள் எல்லோருக்கும் எட்டுக் கார்டு போதுமாக இருந்தது. நான் படிக்கிறேன் என்று ஒருவருக்கும், ஒரு நிமிஷம்கூட, தோன்றவில்லை. புத்தகத்தோடு நான் படியேறி வந்தபோதும் அம்மா, "இது யாரோட புக்கு?" என்றுதான் கேட்டாள். எனக்கு அதுதான் பிரேம் தாங்கவில்லை. சித்தப்பா சத்தம் போட்டதுகூட இல்லை.

பழைய பாடத்திட்டத்தில் பாக்கி வைத்திருக்கும் என் செட்டுக்கு இந்த ஏப்ரல்தான் கடைசி. உன் செட்டுக்கு அடுத்த வருடமும் உண்டு, எனக்கு இதற்குப் பிறகு பேப்பரே கிடையாது. பரீட்சை நம் காலேஜில், நான் அங்கே வந்துதான் எழுத வேண்டும். உன் மாமா திருநெல்வேலியில் இருப்பார். அத்தையை யார் பார்ப்பது? ஃபீஸ் கட்டியாகிவிட்டது. எழுதப் போவதில்லை.

இனி கணக்கு அனுப்பாதே. உனக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கும் படிப்பாக இருந்தது. இப்போது இரண்டும் வேண்டாம்.

சில்வியா


ஊரிகம்,
20 பிப்ரவரி 2000

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பிரேம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? இதை மரியாதைக்காகக் கேட்கவில்லை, மாமா. அவர்கள் அழுதார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு இலை கிடைக்காதபோது உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு எட்டுக் கார்டை வைத்து உங்களைத் தீர்த்துக்கட்டினேன். எழுதும்போது பெருமையாக வேறு இருந்தது.

அக்காவின் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். ‘யாரோட புக்கு’ என்ற இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துவிட்டு, "எந்தத் தேதிடா பரீச்சை?" என்றாள். சொன்னேன். "அப்போ நான் போய் அந்தம்மாவப் பாத்துக்கிறேன். கஞ்சி ஊட்டத் தெரியாதா எனக்கு? உன்ன வளத்தேனே" என்றாள். உங்கள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பாய் என்று அப்பா கேட்டார். "திட்டட்டும். வாய் குழறுதாமே, நிதானமாத் திட்டட்டும்" என்றாள்.

ஆகையால் அக்கா பரீட்சை எழுத வரும் நாட்களில் அம்மா பெரம்பூரில் இருப்பாள். நீங்கள் சம்மதித்தால் மட்டும். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் நான் சமைப்பேன். வால்டர் சித்தப்பா உங்களுக்குத் தனியாக எழுதுகிறார். அவருக்கு எழுத்து வராது என்பதால் தாமதமாகிறது.

அக்கா என் மேல் கோபமாகவே இருக்கட்டும். பரீட்சையை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

பணிவுடன்,
பிரேம்


பெரம்பூர்,
9 ஏப்ரல் 2000

அன்புள்ள பிரேமுக்கு,

இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தது போதும். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவாறு சுகம்.

உன் கடிதத்தை மாமா படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கேட்க மனசு வரவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஒருநாள் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே, "உங்க அம்மாவுக்கு டீயா, காபியா? வாங்கி வெக்கணும்ல" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அதன் பிறகுதான் புத்தகத்தை மறுபடி எடுத்தேன்.

அம்மா முந்தாநாள் வந்து சேர்ந்தாள். அத்தை முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அம்மா விடவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊரிகத்தில் யார் வீட்டில் என்ன என்று ஆரம்பித்தாள். இப்போது அத்தை வலது கையால் ஜாடை காட்டி, அப்புறம் அப்புறம் என்று கேட்கிறார்கள். உன் மாமா நேற்றுத் திருநெல்வேலிக்குக் கிளம்பினார். "எழுதிட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். பங்காருப்பேட்டைக்கு வந்து நில். நீ கடைசியாக அனுப்பிய எட்டில் ஐந்தாவதும் ஏழாவதும் தப்பு. வண்டியிலேயே போடலாம்.

அக்கா


ஊரிகம்,
7 மே 2000

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரேம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மா பெரம்பூரிலிருந்து வந்ததிலிருந்து உன் மாமியார் புராணம்தான். "பியாட்ரிஸ் அக்கா" என்று உறவு வைத்துவிட்டாள். இங்கே நீ பரீட்சை எழுதிய கதை ஸ்டேஷன் மாஸ்டர் வரைக்கும் போயாகிவிட்டது. அவரே என்னை நிறுத்தி, "அக்கா எப்படி எழுதினாங்க?" என்று கேட்டார். நான் எப்படி எழுதினேன் என்று கேட்கவில்லை. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அத்தையின் சளி விட்டதா?

ஹாலில் நீ எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாய். சின்னப் பெண்களுக்கு நடுவில் கொண்டை போட்டுக்கொண்டு. நீ எழுந்து நின்று மறுபடி பேப்பர் கேட்டபோது என் பேப்பரில் பாதி காலியாக இருந்தது. ஆத்திரம் வரவில்லை, சத்தியமாக. கை தட்டலாமா என்று இருந்தது. இரண்டு பிள்ளைகள் கணக்கு வந்தது, பார்த்தாய் அல்லவா? நான்கையும் எழுதி, அடித்து, மீதியை எண்ணினேன். அது சரி. மற்றவை எப்படியோ, எனக்கே தெரியாது.

ரிசல்ட் வர இன்னும் ஒரு மாதமாம். இருப்பு கொள்ளவில்லை. பெங்களூர் வண்டியைப் பார்க்க இப்போதெல்லாம் போவதில்லை. பார்த்தால் ஏறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்று மேசையில் ஒரு ரூபாயையும் ஐம்பது பைசாவையும் எடுத்து வைத்தேன். ரூபாய் நீ, பைசா நான். இரண்டு பேரும் பாஸ். நீ பாஸ், நான் ஃபெயில். நீ ஃபெயில், நான் பாஸ். இரண்டு பேரும் ஃபெயில். எழுதப் பிடிக்காததையும் எழுதிவிட்டேன். ஒன்றும் விடவில்லை.

போன ஆகஸ்டில் என்றால், நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றுதான், வீட்டில் யாரோ ஒருவர் பாஸ், அவ்வளவுதானே என்று உன்னிடம் வாதாடியிருப்பேன்.

ஒரே ஒருவர்தான் என்றால் இரண்டாவதே நடக்கட்டும், அக்கா. எனக்கு அடுத்த ஏப்ரல் இருக்கிறது.

உன் தம்பி,
பிரேம்